பிளேனின் மூக்கில் வைத்த எடை

திண்டுக்கல்,
மார்கழி கடைசி சனிக்கிழமை.

அன்பு மகள் மணிமேகலைக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், கனடாக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய், புது வீட்டு வாசலில் நின்று எடுத்த போட்டோவில் கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று உன் அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னாள். ஒரு போன் போட்டால் தீர்ந்தது, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ உடனே, அப்பா மீட்டிங் இருக்குப்பா, அப்பறம் கூப்பிடுறேன் என்பாய், அந்த அப்பறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் வரும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி அங்க பாருங்கப்பா ஸ்னோ என்று பேச்சை மாற்றவும் முடியாது. எழுதினதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் இப்பவே போய்ச் சேருமே என்றாள் அம்மா. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தபாலில் போகட்டும், மெதுவாகப் போகட்டும். நீ இதைப் பிரிக்கிறபோது இதில் எழுதியிருக்கிற காரியம் முடிந்து போயிருக்க வேண்டும்.

காரியம் உன் பிளேன்தான். மாடி அறையில் கட்டிலுக்கு மேலே இரண்டு கயிற்றில் வெறும் எலும்புக்கூடாகத் தொங்கவிட்டுப் போனாயே, அதுதான். காலேஜில் படிக்கும்போது நீயும் ஆனந்த்ராஜும் சேர்ந்து கட்டியது, மற்றப் பிள்ளைகள் எல்லாம் தெர்மாகோல் பிளேனை வாங்கி ரிமோட்டில் பறக்க விட்டபோது நீங்கள் இரண்டு பேரும் பால்சா என்கிற லேசான கட்டையைக் குச்சி குச்சியாக நறுக்கி ஒட்டியது. விசா வந்ததும் போட்டது போட்டபடி கிடக்க விட்டுக் கிளம்பினாய். கார் ஏறும்போது என்னிடம் என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. யாருக்கும் குடுத்துறாதீங்கப்பா, நான் வந்துதான் மொதல்ல பறக்க விடுவேன் என்றாய். யாரையும் அந்த அறைப் பக்கம் விடவில்லை, ஒட்டடை அடிக்கக்கூட நானேதான் ஸ்டூல் போட்டு ஏறினேன். அடுத்த தை வந்தது, அதற்கடுத்த தையும் வந்தது. ஒரு வருசம் கொரோனா என்றாய், ஒரு வருசம் பெர்மிட் என்றாய், ஒரு வருசம் வேலை மாறுகிறேன் என்றாய். இந்தத் தைக்குக் கட்டாயம் வாரேன் என்று தீபாவளியன்று நீயே உன் வாயால் சொன்னதும் எனக்கு ஒரு ஆசை வந்து தொலைத்தது. நீ வரும்போது பிளேன் முழுசாக முடிந்து நிற்க வேண்டும், முடிப்பது நான், பறக்க விடுவது நீ, அதுவரை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மைக்செட் கடையைக் கைமாற்றிவிட்ட பிறகு எனக்கும் பொழுது போக வேண்டாமா. நீ சுருட்டி வைத்திருந்த மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து இறக்கையின் மேல் விரித்து, அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மெதுவாகத் தேய்த்தால் அது இழுத்துப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்று ஆனந்த்ராஜ் போனில் சொன்னான். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. முதல் தடவை சூடு கூடிப்போய் ஷீட் பொசுங்கி உள்ளே இருந்த கட்டையும் கருகிவிட்டது. அந்த நாற்றம் அடுப்படி வரைக்கும் இறங்கி, அம்மா மூட்டு வலியோடு மாடி ஏறி வந்து, மக வாரதுக்குள்ள வீட்டைக் கொளுத்திருவீக போலயே என்றாள். அடுத்த தடவை சூடு பற்றாமல் இறக்கை முழுக்கச் சுருக்கம், உரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஒட்டினேன். ஐப்பசி மழை முழுக்க அந்த அறையில்தான் கிடந்தேன். வயரையெல்லாம் ஈயம் வைத்துப் பற்றி, வாலையும் இறக்கை ஓரத்து மடல்களையும் ஆட்டுகிற சின்ன மோட்டார்களைப் பொருத்தி, சக்கரம் மாட்டி, கடைசியில் இறக்கையை விரலால் தட்டினால் தவில் தோல் மாதிரி டப்பென்று கேட்டது. அன்றைக்கு நான் இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். வீடு வாங்கிட்டேம்பா, லீவெல்லாம் அதுக்கே போயிருச்சு, தைக்கு வர முடியாது என்றாய். மகள் வீடு வாங்கினால் எந்தத் தகப்பனுக்குச் சந்தோஷம் இருக்காது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாங்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை, வாங்கிவிட்டேன் என்றுதான் சொன்னாய். ஊர்க்காரர்களுக்குச் சொல்கிற மாதிரி எங்களுக்கும் சொன்னாய். பால் காய்ச்சுனியாம்மா என்று அம்மா கேட்டதற்கு மைக்ரோவேவ்ல காய்ச்சிட்டேன் என்று சிரித்தாய், அவளும் சிரித்தாள், போனை வைத்த பிறகு அவள் சிரிக்கவில்லை. நான் மெதுவாக, அந்தப் பிளேன் இருக்குல்லம்மா என்று எடுத்தேன். முடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ, அய்யோ அது இன்னமுமா கெடக்கு, எதுக்குப்பா எடத்தை அடைச்சுக்கிட்டு, யாராச்சும் கேட்டா குடுத்துருங்க என்றாய். எனக்கு மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் இன்னொரு போட்டோ அனுப்பினாய், உள்ளங்கையில் புது வீட்டுச் சாவியை வைத்து எடுத்தது. உன் முகம்கூட அதில் இல்லை, கையும் சாவியும்தான். அம்மா அதற்கு நாலைந்து பூப்படம் அனுப்பினாள். நான் ஒன்றும் அனுப்பவில்லை, நீ அதைக் கவனித்திருக்கவும் மாட்டாய்.

நீ சொன்னதற்காக யாருக்கும் கொடுக்க மாட்டேன், நீ இல்லாமலே பறக்க விடப் போகிறேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணி ஆனந்த்ராஜை வரச் சொன்னேன். அவன் இப்போது கல்யாண வீடுகளில் டிரோன் விட்டு வீடியோ எடுக்கிறான், நல்ல முகூர்த்தத்தில் அவனைப் பிடிக்க முடியாது, மார்கழி என்பதால் வந்தான். வந்ததும் ரிமோட்டை வாங்கி அதன் குச்சியை வலது பக்கம் தள்ளினான். வலது இறக்கையின் மடல் மேலே போக வேண்டுமாம், நான் பொருத்தியதில் கீழே போனது. பிளேனின் மூஞ்சிக்கு நேரே உட்கார்ந்து பொருத்தினேன், அதற்கு வலது எது எனக்கு வலது எது என்று குழம்பிப் போனேன். இப்படியே விட்டிருந்தா ஏறின ஒடனே மல்லாந்திருக்கும்பா என்று சொல்லி அவனே மாற்றிக் கொடுத்தான். இடது இறக்கையில் பசையை வாரிப் பூசியிருந்ததால் அந்தப் பக்கம் சாய்ந்தது, வலது நுனியில் ஒரு ஆணியைச் சொருகி அதையும் சரி பண்ணினான். பிறகுதான் எடை பார்த்தான். இறக்கைக்கு அடியில் நீ போட்ட பென்சில் கோடு மஞ்சள் ஷீட்டுக்குள்ளே இன்னும் லேசாகத் தெரிகிறது. அந்தக் கோட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் பிளேன் கிடையாக நிற்க வேண்டும், மூக்கு ஒரு நூல் தாழ்ந்தால் பாதகமில்லை, வால் மட்டும் தாழவே கூடாது என்றான். வால் கனத்த பிளேன் ஏறும், ஆனால் கைக்கு அடங்காது, மூக்கைத் தூக்கிக்கொண்டே போய்ப் பொத்தென்று விழுந்துவிடுமாம். பேட்டரியை மூக்குக்குள்ளே இடிக்கிற வரைக்கும் தள்ளி வைத்தோம், நின்றது. என் இரண்டு விரலில் நின்றது மேகலா, அசையாமல் நின்றது. மேகலா எப்பப்பா வாரா, அவ வந்தப்பறமே விடலாமே என்று அவன் கேட்டான். வரலை என்றேன். ஞாயிற்றுக்கிழமை காற்று எழும்புவதற்கு முன்னால் போய்விடலாம், ஏற்றுவதும் இறக்குவதும் அவன், நடுவில் செத்த நேரம் ரிமோட் என் கையில் என்று பேசிக்கொண்டோம்.

தங்கமுத்துச் சித்தப்பா எரியோட்டுக் காட்டில் மக்காச்சோளம் அறுத்து முடித்துவிட்டார். நீ வருகிறாய், பிளேன் ஓடி ஏற ஒரு பாதை வேண்டும் என்று கார்த்திகையிலேயே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன், சொன்ன சொல் மாறாதவர், டிராக்டர் விட்டுத் தட்டை எல்லாம் பொறுக்கிச் சமன் பண்ணிப் போட்டிருக்கிறார். நீ வரவில்லை என்று சொன்னதற்கு, அதுக்கென்னண்ணே, புள்ளைக்கு அங்கிட்டு என்ன சோலியோ என்று உனக்குத்தான் பரிந்து பேசினார். எல்லாரும் உனக்குத்தான் பரிந்து பேசுகிறார்கள். அம்மாவும் அப்படித்தான், உன்னை ஒரு சொல் சொன்னால் என்னிடம் இரண்டு நாள் பேச மாட்டாள். முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாள், மாடி ஏறாதே என்றால் கேட்பதில்லை. உன் அறை மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள், நீ வரவில்லை என்று தெரிந்த பிறகும் போட்டாள். ஏன் என்று கேட்டேன், பூசணம் பிடிக்கும்ல என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை நான் கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா பிளேனுக்குப் பூஜை போட்டிருக்கிறாள். புது வண்டி எடுத்தால் செய்வது போலவேதான், மூக்கில் சந்தனம் குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம். எனக்கு அதில் ஒன்றும் கோபம் இல்லை, நானே செய்யச் சொல்லியிருப்பேன். வந்து விரலில் தூக்கிப் பார்த்தேன், வால் சர்ரென்று தாழ்ந்துவிட்டது. கோட்டைப் பார்க்கிறேன், சரியாகத்தான் பிடித்திருக்கிறேன். பேட்டரியைப் பார்க்கிறேன், அதே இடத்தில்தான் இருக்கிறது. மறுபடி தூக்கினால் மறுபடி தாழ்கிறது. கடைசியில் வாலின் அடியில் கறுப்புக் கயிற்றில் ஒரு செம்புத் தாயத்து தொங்குவதைக் கண்டேன். அது எது என்று உனக்குத் தெரியும். நீ கனடா போகும்போது எரியோட்டுக் கோயிலில் மந்திரித்து வாங்கி அம்மா உன் கையில் கட்டிவிட்டது, மதுரை ஏர்போர்ட்டில் மிஷின்ல சத்தம் போடும்மா என்று சொல்லிக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாயே, அந்தத் தாயத்து. இத்தனை வருசமும் அவள் அதை அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்தாள் என்பது எனக்கே நேற்றுத்தான் தெரியும். அவிழ்க்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். அவதான் கட்டிக்கிட்டுப் போகல, இதாவது கட்டிக்கிட்டுப் போகட்டும், அவுத்தீகன்னா நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன் என்றாள். வால் நுனியில் கட்டினால் அந்தச் சின்ன எடையே மூக்கில் இரண்டு மூன்று மடங்கு கேட்கும் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அப்ப மூக்குல ரெண்டு மூணு மடங்கு வையுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனந்த்ராஜிடம் போனில் கேட்டேன். ஈயத்துண்டு ஏதாச்சும் வையுங்கப்பா, டயர் கடையில சக்கரத்துக்கு அடிக்கிறது கெடைக்கும் என்றான். எவ்வளவு எடை வேண்டும் என்று பார்க்க மூக்கின் மேலே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். திருப்புளி அதிகம், போல்ட் பற்றவில்லை. பிறகு இடுப்பில் சொருகியிருந்த வாசல் சாவியை எடுத்து வைத்தேன். நம் வீட்டுப் பூட்டு பழைய திண்டுக்கல் பூட்டு, சாவியும் அதற்கேற்ற கனம், வைத்ததும் பிளேன் கிடையாக நின்றது, ஒரு நூல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. டயர் கடைக்கு நடந்தே போயிருக்கலாம். போகவில்லை. உன் புதுச் சாவி போட்டோவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு லிடியா டீச்சரிடம் போனேன். அந்தப் பூட்டுக்கு மூன்று சாவி, என்னுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று, மூன்றாவது உன்னுடையது. எந்நேரம் வந்து இறங்கினாலும் உங்கள எழுப்ப மாட்டேன், டீச்சர்ட்ட வாங்கித் தெறந்துக்கிருவேன் என்று நீதான் அங்கே கொடுத்துவிட்டுப் போனாய். டீச்சர் அதை மாதா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டி, துருப்பிடிக்காமல் அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கூட இன்னும் இறக்கவில்லை, மேகலா வந்து பார்த்தப்பறம் எறக்கிக்கிறேன் என்று வைத்திருக்கிறார். சாவி வேணும் டீச்சர் என்றேன். அந்தம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை வந்துருச்சாண்ணே என்று ஆவலாகக் கேட்டார். ம் என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் வீட்டுக்குள்ளே யாரிடமோ, மேகலா வந்துருச்சாம்ல என்று சொல்வது கேட்டது.

வந்து இரண்டு டியூப் பசையையும் கலக்கி, சாவியை பேட்டரிக்கு அடியில் மூக்குக்குள்ளே பதித்து ஒட்டிவிட்டேன். அது இன்றைக்குக் கல்லாகிவிட்டது, மூக்கை உடைத்தால்தான் இனி எடுக்க முடியும். உன் அம்மாவிடம் சொல்லவில்லை, ஈயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயும் சொல்லாதே. கோபத்தில் செய்தேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள், கோபத்தில்தான் செய்தேன். உனக்கு ஒரு சாவி இருக்கிறது, உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுக்கிற அளவுக்கு இருக்கிறது. இது எதற்கு அடுத்தவர் வீட்டு ஆணியில் இடத்தை அடைத்துக்கொண்டு.

நாளை விடியலில் ஆனந்த்ராஜ் வண்டி கொண்டு வருகிறான், எரியோட்டுக்குப் போகிறோம். அம்மாவும் வருகிறாள், வரவேண்டாம் என்றாலும் வருவாள். ஆனந்த்ராஜிடம் ஒன்று கேட்டேன், விழுந்தால் என்ன ஆகும் என்று. மொதல்ல மூக்குதாம்பா ஒடையும், ஒடஞ்சா உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்துரும் என்றான். அப்படியானால் விழுந்தால் உன் சாவி என் கைக்குத் திரும்பி வரும், நல்லபடியாகப் பறந்து இறங்கினால் வரவே வராது. நீ விட்டுப் போனதை நானும் உருப்படியாகக் கட்டி முடித்தேன் என்று ஆனந்த்ராஜும் தங்கமுத்துவும் பார்க்க வேண்டும், அது பறக்க வேண்டும், அதற்காகத்தான் ஐப்பசி முழுக்கக் கிடந்தேன். ஆனால் இன்று காலையில் விளக்கின் முன்னால் நின்று கும்பிடும்போது பறக்கட்டும் என்று வாய் வரவில்லை மேகலா. விழட்டும் என்றும் வரவில்லை. சும்மா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

புது வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக வாழ வேண்டும், உன் கதவுக்கு நல்லவர்கள் வந்து போக வேண்டும், அந்த வீடு உனக்கு ராசியாக இருக்க வேண்டும். இது மனசாரச் சொல்வது, மற்றதெல்லாம் கோபத்தில் சொன்னது என்று பிரித்துப் பார்த்துக்கொள். நிலைக்கு ஒரு மஞ்சள் பொட்டாவது வை. குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, வேளைக்குச் சாப்பிடு. லிடியா டீச்சருக்கு ஒரு போன் போட்டு நீ வரவில்லை என்பதை நீயே சொல்லிவிடு, என்னால் சொல்ல முடியவில்லை, அந்த நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. முக்கியமாக ஒன்று, என்றைக்காவது வந்தால் டீச்சரிடம் போய்ச் சாவி கேட்காதே. நம் வீட்டு வாசலில் நின்று மணியை அடி. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வர நேரமாகும், எனக்கும் முன்னைப் போலக் காது கேட்பதில்லை, ஒரு தடவை அடித்துவிட்டு யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடாதே.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் உன் அப்பா,
காத்தமுத்து.